சைனிக் பள்ளி விண்ணப்பம்: தாலுகா அலுவலகத்தில் தொடங்கும் நுழைவுத் தேர்வு

ராணுவ அதிகாரியாகும் பாதைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தும் உறைவிடப் பள்ளியான அமராவதிநகர் சைனிக் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர் முதலில் விசாரிப்பது எந்தப் புத்தகம் வாங்கலாம், எந்தக் கோச்சிங் சென்டர் நல்லது என்பதைத்தான். அதில் தப்பில்லை. 300 மதிப்பெண்ணில் கணக்கு மட்டுமே 150 என்றால் யாருக்கும் முதல் கவலை அதுவாகத்தான் இருக்கும். ஆனால் உறுத்திக்கொண்டே இருக்கும் விஷயம் வேறு. இந்தத் தேர்வில் வடிகட்டுவது தேர்வறையில் தொடங்குவதில்லை. கேள்வித்தாளைக் கண்ணால் பார்ப்பதற்குப் பல வாரம் முன்பே, விண்ணப்பப் படிவத்திலேயே ஒரு கூட்டம் கழன்றுவிடுகிறது. படிப்பில் சுமாரான பிள்ளைகள் என்றாலாவது மனதைத் தேற்றிக்கொள்ளலாம். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறாத பிள்ளை, ஆதாரில் இனிஷியல் இடம் மாறிய பிள்ளை, மாநில அரசின் சாதிச் சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில் ஏற்றிவிட்ட வீட்டுப் பிள்ளை. இவர்கள்தான் அந்தக் கூட்டத்தில் இருப்பவர்கள்.

மத்திய அரசின் உறைவிடப் பள்ளிகளான நவோதயா பள்ளிகள் தமிழ்நாட்டில் இல்லை. டேராடூனில் உள்ள ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரிக்கு எட்டாம் வகுப்பில்தான் சேர்க்கை. அதற்குத் தமிழ்நாட்டில் தேர்வு நடத்துவது டி.என்.பி.எஸ்.சி. ஆக, ஐந்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு அகில இந்திய அளவில் போட்டியிட்டு உண்டு உறைவிடப் பள்ளிக்குள் நுழைய நம் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற வாசல் சைனிக் பள்ளித் தேர்வுதான். 2021-லிருந்து அதைத் தேசியத் தேர்வு முகமையான என்.டி.ஏ. நடத்துகிறது. பெண் பிள்ளைகளும் எழுதலாம். இதெல்லாம் தேடினால் கிடைக்கிற தகவல். தேடினாலும் எளிதில் பிடிபடாதது, எதை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்கிற வரிசை.

முதல் சிக்கல் தேதி. 2024 தேர்வுக்கான விண்ணப்பம் 2023 நவம்பர் 7 அன்று திறந்தது. அடுத்த தேர்வுக்கு 2024 டிசம்பர் 24. அதற்கடுத்த தேர்வுக்கு 2025 அக்டோபர் 10. தேர்வு நாளும் அப்படித்தான்: 2024 ஜனவரி 28, 2025 ஏப்ரல் 5, 2026 ஜனவரி 18. 'போன வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்தில்தானே வந்தது' என்று இருந்தவர்களுக்கு 2025-ல் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் அறிவிப்பு வந்து நின்றது. கடைசி நாள் அக்டோபர் 30. நடுவில் பண்டிகை விடுமுறை, ஊருக்குப் போய் வருகிற அலைச்சல், போதாததற்கு மழைக்காலம். பிறகு நவம்பர் 9 வரை நீட்டித்தார்கள். முந்தைய ஆண்டும் ஜனவரி 13-லிருந்து 23-க்கு நீட்டித்தார்கள். அதை வைத்து 'எப்படியும் நீட்டிப்பார்கள்' என்று ஒரு நம்பிக்கை பெற்றோர் நடுவில் உலவுகிறது. நீட்டித்தாலும் கூடுதலாகக் கிடைப்பது பத்து நாள். ஒரு சான்றிதழ் திரும்பி வந்தால் அந்தப் பத்து நாளும் அதிலேயே கரைந்துவிடும்.

கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். கடைசி இரண்டு முறையும் முதலில் அறிவித்தபடி விண்ணப்பம் திறந்திருந்தது சுமார் மூன்று வாரம். இ-சேவை மையத்தில் போடுகிற சான்றிதழ் மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் அலுவலகம் என்று படியேறி வர, எல்லாம் ஒழுங்காக நடந்தாலே ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். ஒரு சான்றிதழ் மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். ஆனால் இங்கே ஒன்றின் மேல் ஒன்று நிற்கிறது. ஆதாரில் பெயர் சரியாக வேண்டுமானால் பிறப்புச் சான்றிதழ் சரியாக இருக்க வேண்டும். இ-சேவையில் மனுப் போடுமுன் பதிவு செய்கிற கேன் எண்ணில் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும். அந்தக் கேன் எண்ணில் இருக்கிற பெயர்தான் சாதிச் சான்றிதழிலும் பிறப்பிடச் சான்றிதழிலும் அச்சாகி வரும். அடியில் ஓர் எழுத்து பிசகினால் மேலே அத்தனையும் பிசகும். அறிவிப்பில் அச்சாகியிருக்கும் கடைசித் தேதியை நம்பி வேலையைத் தொடங்குகிறவர்கள் இந்த வரிசையை மூன்று வாரத்தில் முடிக்க வேண்டும். அது நடக்காத காரியம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தொடங்குவதுதான் சரி.

பெயர் என்னும் தலைவலி

ஐந்தாம் வகுப்பில் படிக்கிற பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பெயர் என்ற இடத்தில் வெறும் கோடு இருக்கும் சான்றிதழ்கள் இன்னும் எத்தனையோ வீட்டில் இருக்கின்றன. பிரசவம் ஆன சில நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து பதிவு போய்விடும். பெயர் வைப்பது அதற்குப் பிறகுதான். ஓராண்டுக்குள் போய்ப் பெயரைச் சேர்த்திருந்தால் கட்டணம் கிடையாது. அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆகவே பத்து வயதுப் பிள்ளைக்கு இன்னும் வழி இருக்கிறது. ஆனால் எங்கே போய்ச் சேர்ப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இப்போது குடியிருக்கும் ஊரில் இல்லை. பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்தில்தான் சேர்க்க முடியும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போகிற வழக்கத்தால் மூத்த பிள்ளைகளில் பலருடைய பதிவு அம்மாவின் ஊர் நகராட்சியிலோ, அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இருக்கும். அந்த ஊருக்கு ஒருமுறையாவது போய்வர வேண்டியிருக்கும். பெயரை ஏற்றும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவது நல்லது. வாயால் சொன்னால் சக்தி என்பது எத்தனை விதமாக ஏறும் என்று சொல்லத் தேவையில்லை. ஏறிய பெயரைப் பிறகு மாற்றுவது பெரும் பாடு.

அடுத்தது இனிஷியல். நாடு முழுக்க ஒரே படிவம். அதை வடிவமைத்தவர்கள் மனதில் இருப்பது குடும்பப் பெயர் உள்ளவர்கள். நம் பிள்ளைகளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் வெறும் கவின், ஆதாரில் கவின் எஸ், பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவரத் தொகுப்பான எமிஸ் பதிவில் புள்ளி வைத்து முன்னால் எஸ்.கவின் என்று மூன்று உருவத்தில் இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். சரிபார்க்கிறவருக்கு அப்படித் தெரிய வேண்டிய கட்டாயமில்லை. எந்த ஆவணத்தைப் பார்த்து விண்ணப்பத்தில் பெயரை நிரப்பப் போகிறோமோ அதில் உள்ளபடியே மற்றதையும் ஆக்கிவிடுவதுதான் வழி. பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொள்வது உத்தமம், ஏனென்றால் பிறந்த தேதிக்கு ஆதாரமாக அதைத்தான் ஏற்றப் போகிறோம். அதை வைத்து ஆதாரைத் திருத்தி, பிறகு தலைமை ஆசிரியரிடம் சொல்லி எமிஸ் பதிவைத் திருத்த வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி முதலில் எமிஸைத் திருத்துகிறவர்கள் இரண்டு தடவை அலைவார்கள். அப்பா பெயரையும் மறக்க வேண்டாம். அவருடைய ஆதாரில் முருகேசன், பிள்ளையின் சான்றிதழில் முருகேஷ் என்று இருந்தால் அதுவும் திருத்தம்தான்.

ஆதாருக்குப் போகும்போது கூடவே முடித்துக்கொள்ள வேண்டியது கைரேகை. கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த பால் ஆதாரில் ரேகை இருக்காது. ஐந்து வயதில் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமலே பத்து வயது வரை வந்துவிட்ட பிள்ளைகள் நிறைய.

வயது வரம்பை ஒரே வரியில் முடித்துவிடலாம்: சேர்க்கை ஆண்டின் மார்ச் 31 அன்று 10 வயது நிறைந்திருக்க வேண்டும், 12-ஐத் தாண்டக் கூடாது. 2026–27 சேர்க்கைக்கு 2014 ஏப்ரல் 1 முதல் 2016 மார்ச் 31 வரை பிறந்தவர்கள். ஒரு நாள் பிந்தினாலும் விதிவிலக்கு கிடையாது.

ஓ.பி.சி. என்று ஒரு பெட்டி

படிவத்தில் எல்லாவற்றையும்விட அதிகச் சேதம் விளைவிக்கிற இடம் இதுதான். பிரிவு என்ற கட்டத்தில் பொது, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) என்று வரும். பிரௌசிங் சென்டரில் படிவம் நிரப்புகிற தம்பி சாதிச் சான்றிதழை வாங்கிப் பார்ப்பார். அதில் பி.சி. என்றோ எம்.பி.சி. என்றோ இருக்கும். தயங்காமல் ஓ.பி.சி.யைச் சொடுக்கி, கையில் இருக்கும் அந்தச் சான்றிதழையே ஸ்கேன் செய்து ஏற்றிவிடுவார். படிவமும் ஏற்றுக்கொள்ளும். கணினிக்குத் தெரிந்ததெல்லாம் ஏற்றியது பி.டி.எஃப். கோப்பா, அளவு சரியா என்பது மட்டும்தான். பணம் கட்டியாகிவிடும், ஹால் டிக்கெட் வரும், பிள்ளை தேர்வெழுதும், நல்ல மதிப்பெண்ணும் வாங்கும். அதன்பின் ஆவணச் சரிபார்ப்பில் போய் முட்டி நிற்கும். பல மாதத்துக்கு முன்னால் ஒரு நொடியில் செய்த சொடுக்கு அப்போதுதான் வெளியே தெரியும். அதற்குள் புதுச் சான்றிதழ் வாங்கக் கிடைக்கும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நம் பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் எல்லாம் மாநிலப் பட்டியல். அந்தச் சான்றிதழ் மாநில வேலைக்கும் மாநிலக் கல்லூரிக்கும் செல்லும். சைனிக் பள்ளி கேட்பது மத்திய அரசுப் பட்டியலின்படியான, கிரீமி லேயரில், அதாவது சலுகை பெறாத வசதியான பிரிவில், இல்லை என்று சொல்லும் ஓ.பி.சி. சான்றிதழ். அதன் வாசகம் வேறு, படிவம் வேறு. இ-சேவையில் சாதிச் சான்றிதழுக்கு ஒரு சேவை, இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழுக்கு இன்னொரு சேவை. 'கம்யூனிட்டி வேணும்' என்று கேட்டால் முதலாவதைத்தான் போட்டுத் தருவார்கள். 'சென்ட்ரல் கவர்ன்மென்ட் ஓ.பி.சி.' என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. பட்டியலில் உங்கள் சாதி எந்தப் பெயரில், எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்று தேசியப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் தளத்தில் பார்த்துக்கொண்டு போவது புத்திசாலித்தனம்.

கிரீமி லேயர் கணக்கில் இருக்கும் குழப்பம் இன்னொரு ரகம். ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் எதைச் சேர்ப்பது என்பதுதான் தெரிவதில்லை. அரசு வேலையில் குரூப் சி, குரூப் டி நிலையில் இருப்பவரின் சம்பளம் அந்த 8 லட்சத்தில் சேராது. விவசாய வருமானமும் சேராது. மற்ற வழி வருமானம் தொடர்ந்து மூன்று ஆண்டு அந்த அளவைத் தாண்டினால்தான் கிரீமி லேயர். மறுபக்கம், பெற்றோரில் ஒருவர் நேரடியாக குரூப் ஏ பதவிக்கு வந்தவர் என்றாலோ, இருவருமே நேரடி குரூப் பி என்றாலோ வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சலுகை இல்லை. இந்த வித்தியாசம் புரியாமல், சம்பளச் சீட்டைப் பார்த்ததும் 'எட்டு லட்சத்துக்கு மேல போகுதே' என்று மனு திருப்பி அனுப்பப்படுவது உண்டு. அப்படித் திரும்பினால் கோபித்துக்கொண்டு வருவதில் பயனில்லை. பதவி எந்தக் குரூப் என்று அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கி இணைத்து மறுபடி போட வேண்டும். தனியார் நிறுவன வேலை என்றால் கணக்கு இன்னும் சிக்கல். தாசில்தார் அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுவதே மேல்.

இந்தச் சான்றிதழுக்கு ஆயுளும் குறைவு. சாதி மாறாது, வருமானம் மாறும்; அதனால் நிதியாண்டு பார்ப்பார்கள். மூத்தவனுக்கு மூன்று வருஷத்துக்கு முன் எடுத்ததை நகல் எடுத்து இளையவளுக்குக் காட்ட முடியாது என்பது தெரிந்ததே. அவளுக்கே போன நிதியாண்டில் எடுத்ததும் செல்லாமல் போகலாம். எந்தத் தேதிக்குப் பின் வழங்கியது வேண்டும் என்று அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டில் போட்டிருப்பார்கள். அந்த ஒரு வரிக்காகவாவது கையேட்டைத் திறந்து படிக்க வேண்டும். ஓ.பி.சி.க்கு 27 சதவீத இடம் இருக்கிறது என்ற ஆசையில் சான்றிதழ் இல்லாமல் அந்தப் பெட்டியைத் தொடுவதைவிட, பொதுப் பிரிவிலேயே போடுவது நிம்மதி. அதில் போட்டி கடுமைதான். ஆனால் பிள்ளை எடுத்த மதிப்பெண்ணைத் தாளில் உள்ள குறை எதுவும் பறித்துவிடாது.

பிறப்பிடச் சான்றிதழுக்கு இத்தனை சிக்கல் இல்லை, முக்கியத்துவம் குறைவும் இல்லை. அமராவதிநகர் போன்ற பழைய சைனிக் பள்ளிகளில் 67 சதவீத இடம் அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு, 33 சதவீதம் வெளிமாநிலத்தாருக்கு. நேட்டிவிட்டி என்று நாம் சொல்லும் சான்றிதழ்தான் அந்த 67-க்குள் நம்மை உட்கார வைப்பது. பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு ரேஷன் கார்டைத் திருவண்ணாமலைப் பக்கம் சொந்த ஊரில் வைத்திருக்கும் குடும்பம், வி.ஏ.ஓ. விசாரணைக்கு ஆள் இருக்கிற மாதிரி பார்த்து மனுப் போட வேண்டும்.

படிவத்தின் முன்னால்

இவ்வளவும் கையில் இருந்தால் படிவம் நிரப்புவது அரை நாள் வேலை. அதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. கைபேசி எண், மின்னஞ்சல் இரண்டும் வீட்டாருடையதாக இருக்க வேண்டும். சென்டர்காரர் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலையே போட்டு நாற்பது பிள்ளைகளுக்குப் பதிவு செய்திருப்பார். கடவுச்சொல்லும் அவரிடம்தான். ஹால் டிக்கெட், முடிவு, கலந்தாய்வு என்று எது வந்தாலும் அவர் கடை திறக்கும் நேரம் பார்த்துப் போய் நிற்க வேண்டும். படிவம் நிரப்பச் சென்டருக்குப் போகலாம், தப்பில்லை. மின்னஞ்சலை மட்டும் வீட்டிலேயே தொடங்கிக்கொண்டு போங்கள்.

படம், கையெழுத்து, இடது பெருவிரல் ரேகை மூன்றையும் தனித்தனி ஜே.பி.ஜி. கோப்பாகக் கேட்பார்கள். படத்துக்கு 10 முதல் 200 கே.பி., கையெழுத்துக்கு 4 முதல் 30, ரேகைக்கு 10 முதல் 50 என்பது அண்மை ஆண்டுகளின் அளவு, சான்றிதழ்கள் பி.டி.எஃப்.பில் 50 முதல் 300. படம் வெள்ளைப் பின்னணியில், காது இரண்டும் தெரிகிற மாதிரி. இதில் கவனிக்க வேண்டியது கையெழுத்து. பத்து வயதுப் பிள்ளைக்கு ஏது கையெழுத்து? அன்றைக்குத் தோன்றினபடி ஏதோ வளைத்துப் போடும். தேர்வறையில் வருகைத்தாளில் போடச் சொல்லும்போது வேறு மாதிரி போடும். அதனால் எளிதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பெரிய எழுத்து ஆங்கிலத்தில் இல்லாமல், ஒரு வாரம் நோட்டில் போட்டுப் பழக்கிவிட்டு அதன்பின் ஸ்கேன் செய்வது நல்லது. ரேகைக்கு மையைத் தோய்த்து எடுத்தால் கறுப்பு வட்டம்தான் விழும். விரலைத் திண்டில் லேசாக ஒற்றி, பழைய தாளில் ஒருமுறை வைத்து மிச்ச மையை எடுத்துவிட்டு, இரண்டாவது தடவை வெள்ளைத் தாளில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் உருட்டினால் கோடு தெளிவாக விழும். பிறகு கைபேசிச் செயலியில் கண்டபடி அளவைச் சுருக்கி அந்தக் கோடுகளை மங்கடிக்காமல் இருக்க வேண்டும்.

தேர்வு மொழி என்ற கட்டத்தில் பெற்றோர் எடுக்கும் முடிவுதான் சில நேரம் சங்கடமாக இருக்கிறது. ஆறாம் வகுப்புத் தேர்வை 13 மொழிகளில் எழுதலாம், தமிழும் அதில் ஒன்று. 'சேரப்போவது இங்கிலீஷ் மீடியம் பள்ளி, தேர்வும் இங்கிலீஷிலேயே இருக்கட்டும்' என்று தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலத்தைத் தேர்ந்துவிடுகிறார்கள். 125 கேள்வி, 150 நிமிடம். 50 கணக்குக் கேள்விகளில் லாபம் நட்டம், வேகம் தூரம் எல்லாம் வாக்கியமாகத்தான் வரும். வாக்கியம் புரியாமல் நின்றால் மூன்று மூன்று மதிப்பெண்ணாகப் போகும். பள்ளியில் சேர்ந்தபின் ஆங்கிலம் பிடிபட வருஷக்கணக்கில் நேரம் இருக்கிறது, தேர்வறையில் கிடையாது. பிள்ளை எந்த மொழியில் மனக்கணக்குப் போடுகிறதோ அதைத் தேர்வதே நியாயம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதையும் இந்த இடத்திலேயே பிள்ளையிடம் சொல்லிவைக்கலாம்.

கட்டணம் 2026 தேர்வுக்கு 850 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 700. வங்கிக் கணக்கில் பணம் போய்விட்டது என்பதாலேயே விண்ணப்பம் முடிந்ததாக எண்ணக் கூடாது. உறுதிப்படுத்தும் பக்கம் திரையில் வந்து, அதைத் தரவிறக்கினால்தான் முடிந்தது. பணம் போயும் அந்தப் பக்கம் வராவிட்டால், மறுநாள் உள்ளே நுழைந்து பார்த்து, தேவையானால் மறுபடி கட்ட வேண்டியிருக்கும். முதலில் போனது பின்னால் திரும்பி வரும். கடைசி நாள் இரவில் கட்டுகிறவர்களுக்கு அந்த மறுநாள் இருக்காது. பயத்தில் புதிதாக இன்னொரு விண்ணப்பம் போடவும் கூடாது. ஒரு பிள்ளைக்கு ஒரு விண்ணப்பம்தான் என்பது விதி.

விண்ணப்பம் முடிந்து சில நாளில் திருத்தம் செய்யக் கொஞ்ச நாள் திறந்து வைப்பார்கள். எல்லாக் கட்டத்தையும் அப்போது மாற்றிவிட முடியாது. அந்த நாட்களில் உறுதிப்படுத்தும் பக்கத்தை அச்செடுத்து, பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்ப்பது பழைய முறைதான், இன்றைக்கும் அதைவிட நல்ல முறை இல்லை. பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியது, ஆண் பெண் கட்டம் தப்பாகச் சொடுக்கியது எல்லாம் அப்படித்தான் கண்ணில் படும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு வருஷம் தவறிவிட்டால், வயது வரம்பு இரண்டு ஆண்டு அகலம் என்பதால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கும். அதையும் விட்டால் ஒன்பதாம் வகுப்பில், 13 முதல் 15 வயதுக்குள். அதற்குத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும், 400 மதிப்பெண்ணுக்கு. இரண்டாம் முறை முயல்கிறவர்களுக்கு பிறப்புச் சான்றிதழ், ஆதார், நேட்டிவிட்டி மூன்றும் அப்படியே உதவும். ஓ.பி.சி. சான்றிதழை மட்டும் ஏப்ரல் பிறந்ததும் புதிதாக எழுதிப் போட வேண்டும்.